ஆர்ரா அங்கே?

பல்லடம்,
8.10.2024

அன்புள்ள தம்பி எழிலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், மாமா, பையன் எல்லோரும் சுகம். என் கோபமும் சுகமாகத்தான் இருக்கிறது. அங்கே நீயும் சுகந்தியும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

கையில் செல்போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எழுதும் கிறுக்கு ஏன் பிடித்தது என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். கடிதத்திடம் அந்த வேலை நடக்காது. கிழித்துப் போட்டாலும் அக்கா என்ன எழுதியிருந்தாள் என்று பொறுக்கி ஒட்டிப் படிக்கிறவன் நீ.

காலாண்டு விடுமுறைக்கு இளவேனில் இங்கே வந்திருந்தாள் அல்லவா? எங்கள் தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்தபோது, "உன் பேர் என்ன கண்ணு?" என்று கேட்டார். உன் மகள் எழுந்து நின்று சொன்னாள்: "இளவேனில், தேர்டு பி, ஃப்ரீ சீட்டுங்க."

அந்த அம்மா போன பிறகு குழந்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மிஸ் அப்படித்தான் கூப்பிடுவாங்க அத்தே. எங்க கிளாஸ்ல வேற இளவேனில் யாருமே இல்ல. ஆனாலும் அப்படித்தான்" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை, எந்த வருத்தமும் இல்லாமல் சொல்கிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதை உன்னிடம் கேட்டால் "அதுக்கென்ன இப்போ" என்று போனை வைக்கிறாய். எழில், அது பிச்சைச் சோறு இல்லை. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் என்று சட்டம் போட்டுக் கொடுத்தது. மற்றப் பிள்ளைகளை யாராவது "ஃபீஸ் சீட்" என்று கூப்பிடுகிறார்களா? போய்க் கேள். பதில் எழுது.

உன் மேல் கோபமும் பாசமும் உள்ள அக்கா,
கயல்விழி


சிங்காநல்லூர்,
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழில் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நான் பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று என் கையெழுத்தே சொல்லும். லேத் பட்டறையில் நின்றபடி எழுதுகிறேன், எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். கூப்பிடும் இடத்தில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாளே, அது போதும் எனக்கு. அவள் தூக்கத்தில் இங்கிலீஷில் பேசுகிறாள் அக்கா. சுகந்தி என்னை எழுப்பிக் கேட்க வைக்கிறாள். எங்களுக்கு ஒரு வார்த்தை புரிவதில்லை. ஆனாலும் விழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீ வேலை செய்யும் ஒன்றியப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். நீயே புலம்புவாய். உன் மகனை ஏன் அங்கே சேர்க்கவில்லை? பல்லடத்தில் பணம் கட்டிப் பெரிய பள்ளிக்கு ஏன் அனுப்புகிறாய்? உன் பையனுக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க மனமில்லை, அப்படியே இருக்கட்டும். நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். பொங்கலுக்கு முன்னால் பள்ளியில் 'கிராமத் திருநாள்' கொண்டாடுகிறார்கள். மேடையில் நாடகம் உண்டு. ஃப்ரீ சீட் பிள்ளைகளை எப்போதும் மரம், செடி, மேகம் என்று அட்டையைப் பிடித்து நிற்க வைப்பார்கள். இந்த முறை வேனிலுக்கு வசனம் பேசுகிற வேஷம்! பிரத்யுஷா மிஸ்ஸே தேர்ந்தெடுத்தாராம். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

அன்புத் தம்பி,
எழில்


பல்லடம்,
27.10.2024

அன்புள்ள எழிலுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

என் பையனைப் பற்றிக் கேட்டாயே, கேட்க வேண்டிய கேள்விதான். கடிதத்தைப் படித்ததும் சுருக்கென்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஆமாம், என் பள்ளியில் என் பிள்ளையைச் சேர்க்க எனக்குத் தைரியம் இல்லை. போதுமான டீச்சரைப் போடாதவர்கள் மேல் எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடு தினமும் அங்கேதான் பாடம் நடத்துகிறேன். ஆனால் என் பிள்ளையை அவன் பள்ளியில் யாரும் பெயருக்குப் பின்னால் வால் ஒட்டிக் கூப்பிடுவதில்லை. நான் சண்டை போடுவது அந்த வாலுக்காகத்தான். உன் மகளைப் பள்ளியை விட்டு நிறுத்து என்று நான் எப்போதாவது சொன்னேனா?

நாடகச் செய்தி கேட்டு நிஜமாகவே சந்தோஷம். மாமாவிடம் சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டேன். என்ன வேஷம்? என்ன வசனம்? எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் போட்டுப் போட்டுப் பழகியவள் நான், தீபாவளிக்கு வரும்போது அழைத்து வா. எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். வேனிலுக்குச் சீட்டிப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறேன், ராணி வேஷமாக இருந்தாலும் உழத்தி வேஷமாக இருந்தாலும் பொருந்தும்.

அன்புடன்,
அக்கா கயல்


சிங்காநல்லூர்,
14.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்கு வர முடியவில்லை. பட்டறையில் அவசர வேலை வந்துவிட்டது. நீ கொடுத்தனுப்பிய முறுக்கும் பாவாடையும் வந்து சேர்ந்தன. முறுக்கு தீர்ந்துவிட்டது.

நாடகத்துக்குப் பாவாடை தேவைப்படாது போலிருக்கிறது. வேஷ்டியும் துண்டும்தான் வேண்டுமாம். வேனில் பையன் வேஷம் போடுகிறாள். ஒப்பணக்கார வீதிக்குப் போய்ப் புதுத்துண்டு வாங்கிக் கொடுத்தேன். மிஸ் திருப்பி அனுப்பிவிட்டார், பழைய துண்டாக வேண்டுமாம். அப்பாவின் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினோம்.

மார்கழிக் குளிர் இப்போதே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. பையனைத் தலையை மூடிக்கொண்டு போகச் சொல். மாமாவுக்கு வணக்கம்.

எழில்


பல்லடம்,
20.11.2024

எழிலுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் அப்பாவின் இருமலைப் பற்றி எழுது.

என்ன வேஷம் என்று கேட்டேன். நீ முறுக்கு தீர்ந்ததை எழுதுகிறாய், குளிரை எழுதுகிறாய். பழைய துண்டு. பையன் வேஷம். அதுவும் அப்பாவின் துண்டு. எனக்கென்ன, கண்ணா தெரியாது?

வேனிலிடமே போனில் கேட்டுவிட்டேன். ஒளிக்கத் தெரியாத பிள்ளை, மடமடவென்று சொல்லிவிட்டாள். சாய்சரண் என்கிற பையன் பண்ணையார். அவன் நாற்காலியில் உட்கார்ந்து "ஆர்ரா அங்கே?" என்று கூப்பிடுவான். இவள் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, குனிந்து வந்து, "கும்புடறேனுங் சாமி, கூப்ட்டீங்ளா சாமி" என்பாள். அவன் "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியாடா?" என்பான். இவள் "காட்டீட்டனுங் சாமி" என்று பின்னாலேயே நடந்து போவாள். அதுதான் வசனம் பேசுகிற வேஷம்!

ஏன் கண்ணு உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். "மத்தவங்களுக்கெல்லாம் 'ங்க' வரவே மாட்டேங்குது அத்தே. எனக்குத்தான் நேச்சுரலா வருதுன்னு மிஸ் சொன்னாங்க" என்றாள்.

நேச்சுரலாம்! பெரியவர்களிடம் 'ங்க' போட்டுப் பேசு என்று நாம் மரியாதை சொல்லிக் கொடுத்தோம். அவர்கள் அதை எடுத்து அடிமை வேஷத்துக்கு நகையாகப் பூட்டியிருக்கிறார்கள். இதே மரியாதை இந்த ஊரில் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது. அந்தச் சாய்சரண் வீட்டிலும் பெரியவர்களிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். அங்கே அது பண்பாடு. நம் பிள்ளை வாயில் வந்தால் பண்ணையாள் பேச்சா?

வேஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு எழுது.

கயல்விழி


பல்லடம்,
5.12.2024

எழிலுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. சுகந்தி எடுத்து, "அவரு குளிக்கறாருங்க அண்ணி" என்கிறாள். நீ இவ்வளவு சுத்தமானவன் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

நேற்று மத்தியானம் அப்பா இங்கே வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு மஞ்சப்பையோடு தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். சாப்பிட்டார். படுத்துக்கொண்டார். ஏனப்பா வந்தீங்க என்றால், "ஏன், வரக்கூடாதா?" என்கிறார். அவர் தோளில் துண்டு இல்லை. அப்பாவைத் துண்டு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. குளிருதே, மாமாவின் துண்டைத் தரட்டுமா என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கே என்ன நடந்தது? சண்டையா? சுகந்தி ஏதாவது சொன்னாளா? எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

அக்கா


சிங்காநல்லூர்,
9.12.2024

அக்காவுக்கு,

சண்டை ஒன்றும் இல்லை. சுகந்தி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைக் கொஞ்ச நாள் உன்னிடமே வைத்துக்கொள். மாத்திரையை அவர் பையில் சுகந்தி வைத்திருக்கிறாள். காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது.

எழில்


பல்லடம்,
15.12.2024

அன்புள்ள எழிலுக்கு,

அப்பா நலம். மாத்திரை கொடுக்கிறேன்.

முந்தாநாள் பள்ளியிலிருந்து வந்து, பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தார். "ஏனம்மணி, இன்னும் சிலேட்டெல்லாம் இருக்குதா?" என்றார். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார்.

அப்பா ஏன் மூன்றாம் வகுப்போடு நின்றார் என்று நாம் கேட்டால் என்ன சொல்வார், நினைவிருக்கிறதா? "எனக்குப் படிப்பு ஏறல." அம்மா இருந்தவரை அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வாள். நாமும் சேர்ந்து சிரிப்போம். அது பொய், எழில்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவரை வாசல் ஓரத்தில் உட்கார வைப்பார்களாம். ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பண்ணாடி வாசலில் வந்து நின்றிருக்கிறார். அப்பா அவரைப் பண்ணாடி என்றுதான் இன்னமும் சொல்கிறார். தோட்டத்து முதலாளி என்று அவர் வாயில் வரவில்லை. அந்த ஆள் உள்ளே பார்த்து, "ஆர்ரா அங்கே? மாட்டுக்கு ஆளில்ல, எந்திரிச்சு வாடா" என்றாராம். பெயர்கூடச் சொல்லவில்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாத்தியார் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, அப்பாவுக்குக் கண்ணால் வாசலைக் காட்டியிருக்கிறார்.

"சிலேட்ட அங்கயே வெச்சுப்போட்டு எந்திரிச்சுப் போய்ட்டேன் அம்மணி. சாயந்தரம் வந்து எடுத்துக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

ஏறவில்லையாம்! ஏற விட்டார்களா? படிப்பைப் பிடுங்கிக்கொண்டது ஒருவன், பார்த்துக்கொண்டு நின்றது ஒருவன். பழியை மட்டும் இந்த மனுஷன் தன் தலையில் போட்டுக்கொண்டு, பெற்ற பிள்ளைகள் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்த சிலேட்டை எங்காவது வீசி அடிக்க வேண்டும் போலிருந்தது.

அங்கே என்னப்பா நடந்தது என்று அப்போதும் கேட்டேன். "எம்மவன் கூப்ட்டான். போனேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கும். எழுது.

அக்கா


சிங்காநல்லூர்,
24.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் படித்தேன். லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுவிட்டேன். ஓனர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் பழக்குங்கள் என்று வசனத்தைப் பள்ளியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் வேனிலும் வாசலில் நின்று பழகினோம். சாய்சரண் வசனம் எனக்கு, வேனில் வசனம் அவளுக்கு. நான் சும்மா படித்தபோது அவளுக்குக் குனிய வரவில்லை. "அப்பா, நீங்க கோவமா கூப்பிட்டாத்தான எனக்கு வரும்" என்றாள். சரி என்று தொண்டையைக் கனைத்து, அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கூப்பிட்டேன். "ஆர்ரா அங்கே?"

வேனில் வாயைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாமி... வந்துட்டனுங் சாமி."

அப்பா, அக்கா. கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தவர். துண்டைத் தோளிலிருந்து இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து, நடையும் ஓட்டமுமாக வந்தார். நிலைப்படியைத் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

வேனில் கையைத் தட்டிக் குதித்தாள். "சூப்பர் தாத்தா! மிஸ் இப்படித்தான் பண்ணச் சொன்னாங்க!"

அப்பா துண்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து வருவதற்குள் பஸ் ஏறிவிட்டார். இதை உனக்கு எப்படி எழுதுவேன்? என் அப்பனை நானே 'ஆர்ரா' என்று கூப்பிட்டுவிட்டேன்.

நேற்றுப் பள்ளிக்குப் போனேன். பிரத்யுஷா மிஸ் சின்னப் பெண், தன்மையாகத்தான் பேசினார். "இது சும்மா பழைய காலத்த காட்டறதுங்க. உங்க பொண்ணுக்கு ஒரு சான்ஸ் கெடைச்சிருக்குதுல்ல" என்றார். வேனில் பண்ணையாராக நடிக்கட்டுமே என்று கேட்டேன். "அதுக்கு சாய்சரண் ஊட்டுல டிரஸ்ஸெல்லாம் தெச்சுட்டாங்களே" என்றார். கரஸ்பான்டென்ட் அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, கொழந்தைய அனுப்பறீங்கல்ல?" என்றார்.

நான் "பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வேனில் நடிக்கச் சம்மதித்ததற்கு நன்றியாம்.

எழில்


பல்லடம்,
27.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். அப்பா வந்ததை நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் என்னால் முடியவில்லை. அதை உன் மேல் நீயே போட்டுக்கொள்ளாதே. உன் கையில் அந்தத் தாளைக் கொடுத்தது யார்? அவர்கள் மேல் கோபப்படு.

ஆனால் அந்தப் 'பாக்கலாங்க'வை மன்னிக்க மாட்டேன். நம் ஊரில் 'முடியாது' என்பதற்கு அதுதான் வார்த்தை என்று எனக்கும் தெரியும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் 'பாக்கலாங்க', வரமாட்டார்கள். பெண் கேட்டாலும் 'பாக்கலாங்க', தரமாட்டார்கள். அந்தக் கரஸ்பான்டென்ட் அம்மா எந்த ஊர்? இதே கோயமுத்தூர்தானே? அவர் வீட்டுச் சம்பந்தி 'பாக்கலாங்க' என்றிருந்தால் புரிந்திருக்கும். உன் வாயிலிருந்து வந்தால் மட்டும் அது 'சரிங்க' ஆகிவிடும். நம் மரியாதையை அவர்கள் நம் சம்மதமாக எழுதிக்கொள்கிறார்கள், எழில். காலம் காலமாக அதுதான் நடக்கிறது.

போய் 'முடியாது' என்று சொல். வேண்டுமானால் 'முடியாதுங்க' என்று சொல். ஆனால் அந்த 'முடியாது' இருக்க வேண்டும். இடத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படாதே, நாடகத்தில் நடிக்காததற்காக எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப முடியாது. அனுப்பிப் பார்க்கட்டும். நான் வருகிறேன்.

அப்பா ஒன்பதாம் தேதி அங்கே வருகிறார். அந்தத் திருநாளைப் பார்க்க வேண்டுமாம். ஏன் என்றால் சொல்லவில்லை. புதுத்துண்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன், தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்புடன்,
அக்கா


சிங்காநல்லூர்,
3.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். எல்லோரும் நலம். முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன். மிஸ் முகம் சுருங்கியது. "சரிங்க, உங்க இஷ்டம்" என்றார். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது அந்த டீ.

மறுநாள் வேனில் சந்தோஷமாக வந்தாள். அந்த வேஷம் மதுவர்ஷினிக்குப் போய்விட்டதாம். அவளும் ஃப்ரீ சீட்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சாந்தாமணியின் மகள், அடுத்த தெரு. அப்பா இல்லாத பிள்ளை. வேனில் சொல்கிறாள்: "அவளுக்குக் குனியவே வரலப்பா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். தாத்தா எப்படி வந்தாங்களோ அப்படி வான்னு செஞ்சு காட்டுனேன். மிஸ் எனக்கு வெரி குட் சொன்னாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே நினைத்துப் பார். என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று டீ குடித்தேனே! அவர்களுக்கு வேண்டியது இளவேனில் இல்லை, குனிகிற ஒரு முதுகு. அது எங்கள் பிள்ளைகளிடம்தான் இருக்கும் என்று வைத்திருக்கிறார்கள். அதையும் என் பிள்ளையே பழக்கிக் கொடுத்திருக்கிறாள், என் அப்பாவைப் பார்த்து.

வேனிலை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தாவின் பள்ளிக்கூடக் கதையையும் சொன்னேன். "அப்ப தாத்தா அன்னிக்கு நடிக்கலயா?" என்று கேட்டாள்.

சாயந்தரம் அவளையும் கூட்டிக்கொண்டு சாந்தாமணி வீட்டுக்குப் போனோம். அந்தம்மா தையல் மெஷினில் இருந்து எழாமலேயே கேட்டுக்கொண்டிருந்தது. வேனில், "மது, நான் சொல்லிக் குடுத்தது தப்பு, மறந்துரு" என்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சாந்தாமணி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "பாக்கலாங்க" என்றது.

அது எந்தப் 'பாக்கலாங்க' என்று எனக்கே தெரியவில்லை அக்கா.

எழில்


சிங்காநல்லூர்,
11.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். திங்கட்கிழமை என்னையும் சாந்தாமணியையும் பள்ளிக்கு வரச் சொல்லி ஆள் விட்டிருக்கிறார்கள். போகிறோம். என்ன சொன்னாலும் இந்த முறை 'பாக்கலாங்க' கிடையாது. 'ஃப்ரீ சீட்' என்று கூப்பிடுவதையும் அங்கேயே கேட்கப் போகிறேன். நீ வருவதானால் காலையிலேயே வந்துவிடு.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி முழுக்கத் தோரணம், மாட்டு வண்டி, அட்டையில் செய்த கிணறு. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, நீ வாங்கிக் கொடுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் உட்காரலாம் என்றேன். கேட்கவில்லை. முன்வரிசைக்குப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நாடகம் தொடங்கியது. சாய்சரண் பட்டு வேஷ்டி கட்டி, பெரிய மீசை ஒட்டி, நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். நல்ல பையன், வேனிலுக்கு ரப்பர் எல்லாம் கொடுப்பான். மைக்கில் கணீரென்று கூப்பிட்டான். "ஆர்ரா அங்கே?"

யாரும் வரவில்லை.

மேடை ஓரத்திலிருந்து மிஸ் "மதுவர்ஷினி, மதுவர்ஷினி" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டது எங்களுக்கே கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், மஞ்சள் கவுன் போட்டு, அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பிள்ளை. சாந்தாமணி நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. பக்கத்தில் என் மகள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

பையன் குழம்பிப்போனான். சொல்லிக் கொடுத்ததைத்தான் மறுபடி சொல்வான், பாவம். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். "ஆர்ரா அங்கே?"

அப்பாவின் கால் அசைந்தது அக்கா. நான் பார்த்தேன். வலது பாதம் நாற்காலிக்குக் கீழே பின்னால் போய் ஊன்றியது, எழுந்திருக்கிறவர் ஊன்றுகிற மாதிரி. கை தோளுக்குப் போய்த் துண்டைப் பிடித்தது. கையைப் பிடித்து உட்கார வைக்கலாம் என்று நான் நகர்வதற்குள், அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் தடவை கூப்பிட அந்தப் பையன் வாயைத் திறந்தபோது அப்பா பதில் சொன்னார். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உனக்குத் தெரியும், வெளியாட்களிடம், சின்னப் பிள்ளையானாலும், அவர் 'ங்க' போடாமல் பேசமாட்டார்.

"இங்க ஆருமில்ல கண்ணு. நீயே எந்திரிச்சுப் போய்த் தண்ணி காட்டு."

அன்புத் தம்பி,
எழில்